அந்தப் பாட்டை அவர் பாடவில்லை

ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறினால், வண்டி மாறாமல் சவுத் கென்சிங்டனில் இறங்கலாம். ஏறுகிற இடம் ஏறக்குறைய நம்மூர்தான். ஹை ஸ்ட்ரீட் நார்த் நெடுகிலும் தமிழ்ப் பலகைகள், நகைக்கடைகள், மகாலட்சுமி கோயில், சரவண பவன், மளிகைக்கடை வாசலில் அட்டைப்பெட்டிகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். இறங்குகிற இடம் விக்டோரியா மகாராணி காலத்து லண்டன். செங்கல்லும் சுடுமண்ணுமாக அடுத்தடுத்து அருங்காட்சியகங்கள். அவற்றைத் தாண்டிப் பூங்காவை நோக்கி நடந்தால் கண்ணாடிக் குவிமாடத்தோடு ஒரு பெரிய வட்டக் கட்டடம். அதுதான் ராயல் ஆல்பர்ட் ஹால். 2024 நவம்பர் 12, 13, 14 மூன்று நாளும் அங்கே பாப் டிலன். எனக்கு டிக்கெட் கிடைத்தது 13ஆம் தேதிக்கு.

ஈஸ்ட் ஹாமில் என்னைத் தங்கவைத்த யாழ்ப்பாணத்து நண்பருக்கு இந்தப் பயணத்தின் நியாயம் விளங்கவில்லை. “உந்தக் கிழவன்ர பாட்டைக் கேக்கவோ அண்ணை இவ்வளவு காசு செலவழிச்சு வந்தனீங்கள்? அந்தாளுக்கு இப்ப குரலே இல்லையாம்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. டிலன் பிறந்தது 1941இல். அன்றைக்கு வயது 83. குரல் இளமையிலேயே இனிமை என்று பெயர் வாங்கியதில்லை. இப்போது கரகரப்புத்தான் மிச்சம்.

ஆனால் வேறு வழியில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் 2003இல் பெங்களூருக்கே வந்தார்கள். மார்க் நாஃப்ளர் 2005இல் வந்தார். டிலன் இந்தியாவில் பொதுமேடை ஏறியதே இல்லை. இத்தனைக்கும் அவருக்கு இங்கே பக்தர்களுக்குக் குறைவில்லை. ஷில்லாங்கில் லூ மஜா என்கிற பாடகர் 1972இலிருந்து ஆண்டுதோறும் மே 24 அன்று டிலனின் பிறந்தநாளுக்குக் கச்சேரி நடத்துகிறார். 1967இல் வந்த ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ இசைத்தட்டின் அட்டையைப் பாருங்கள்: டிலனுக்கு இரு பக்கமும் வங்காளத்து பாவுல் பாடகர்கள், பூர்ண தாஸும் லக்ஷ்மண் தாஸும் நிற்கிறார்கள். சென்னையில் நுங்கம்பாக்கம் லாண்ட்மார்க் கடையில் அந்த கேசட்டைக் கையில் எடுத்தபோது அட்டையில் நம்மூர் முகங்களா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. வாங்கியது பாட்டுக்காக அல்ல, அந்த அட்டைக்காக. பாட்டு பிறகுதான் பிடித்துக்கொண்டது.

2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசை அவருக்கு அறிவித்தபோது எங்கள் நண்பர் வட்டத்தில் பெரிய சண்டை. பாட்டெழுதுகிறவருக்குக் கொடுப்பார்கள் என்றால் கண்ணதாசன் என்ன பாவம் செய்தார் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். டிலன் பரிசளிப்பு விழாவுக்கே போகவில்லை. பாட்டி ஸ்மித் போய் அவருடைய பாட்டைப் பாடினார்; நடுவில் பதற்றத்தில் வரி தடுமாறி, மன்னிப்புக் கேட்டு, மீண்டும் தொடங்கினார். டிலன் மறு ஆண்டு ஏப்ரலில் ஸ்டாக்ஹோமில் கச்சேரிக்குப் போனபோது ஓசையில்லாமல் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். கச்சேரி இருந்தது, போகிற வழியில் பரிசு. அந்த வரிசைதான் அந்த மனிதர்.

லண்டனுக்கும் அவருக்கும் உள்ள உறவு 1962 டிசம்பரில் தொடங்குகிறது. வயது 21, ஒரே ஒரு இசைத்தட்டு வெளியாகியிருந்தது, பெயர் தெரிந்தவர்கள் சிலர்தான். பி.பி.சி. தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் நடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ‘மேட்ஹவுஸ் ஆன் காஸில் ஸ்ட்ரீட்’ என்று பெயர். பையனுக்கு வசனம் வரவில்லை. வசனத்தை டேவிட் வார்னர் என்ற நடிகரிடம் கொடுத்துவிட்டு, இவரைப் பாட மட்டும் விட்டார்கள். அதில் அவர் பாடிய பாட்டுகளில் ஒன்று ‘ப்ளோயிங் இன் த விண்ட்’. அமெரிக்காவில்கூட அது அவர் குரலில் இன்னும் வெளிவராத நேரம். 1963 ஜனவரியில் ஒளிபரப்பான அந்த நாடகத்தை 1968இல் பி.பி.சி. அழித்துவிட்டது. அந்தக் காலத்து வழக்கம் அது. ஒளிப்பதிவு நாடா விலை அதிகம், நாடகம் மலிவு.

அந்தக் குளிர்காலம் இங்கிலாந்து வரலாற்றிலேயே கொடுமையான குளிர்காலங்களில் ஒன்று. வாரக்கணக்கில் பனி உருகவில்லை. டிலன் கிடாரைத் தூக்கிக்கொண்டு நாட்டுப்புறப் பாட்டு மன்றங்களாகப் பார்த்து ஏறி இறங்கியிருக்கிறார். அவற்றில் ஒன்றான ‘ட்ரூபடூர்’ எர்ல்ஸ் கோர்ட் பக்கம் ஓல்ட் பிராம்ப்டன் சாலையில் இன்றைக்கும் இருக்கிறது. 1954இல் தொடங்கிய காப்பிக்கடை. நான் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். இருண்ட மரச்சாமான்கள், கூரையிலிருந்து தொங்கும் தட்டுமுட்டுகள். பாட்டு நடந்த இடம் கீழே நிலவறையில். அங்கே டிலன் பாடியதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதாகத் தெரியவில்லை. பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன், ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்து மேசை முட்டையைக் கவனிக்கப் போய்விட்டார். நாமாக இருந்தால் வாசலில் சிலையே வைத்திருப்போம்.

அந்தப் பயணத்தில்தான் மார்ட்டின் கார்த்தி என்ற ஆங்கிலப் பாடகரிடம் ‘ஸ்கார்பரோ ஃபேர்’ என்ற பழைய நாட்டுப்பாடலைக் கற்றுக்கொண்டார். அதன் மெட்டைப் பிரித்துக் கோத்து ‘கேர்ள் ஃப்ரம் த நார்த் கன்ட்ரி’ என்று தன் பாட்டாக்கிக்கொண்டார். இதைத் திருட்டு என்கிறவர்கள் உண்டு. நாட்டுப்பாடல் என்றாலே இப்படித்தான் கைமாறும் என்று நான் சொல்வேன்.

மறுநாள் காலை ஸ்ட்ராண்ட் பக்கம் போனேன். சவாய் ஹோட்டலுக்குப் பின்னால், சவாய் தேவாலயத்தை ஒட்டி, சவாய் ஸ்டெப்ஸ் என்று ஒரு குறுகலான சந்து. 1965 மே மாதம் பென்னபேக்கர் என்ற ஆவணப்பட இயக்குநர் இங்கேதான் டிலனை நிறுத்தி, அவருடைய பாட்டு ஒன்றின் சொற்களை எழுதிய அட்டைகளை அவர் ஒவ்வொன்றாகக் கீழே போடுவதைப் படமாக்கினார். பின்னால் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் தாடியும் கையுமாக யாருடனோ பேசிக்கொண்டு நிற்பார். இசைக்காணொளி என்ற சமாசாரத்துக்கே முன்னோடி என்று இதைச் சொல்வார்கள். நான் போன நேரம் ஹோட்டல் சிப்பந்திகள் இரண்டு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குப்பைத்தொட்டிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். இந்த மாதிரி இடங்களில் அதற்கு மேல் நிற்க ஒன்றும் கிடையாது.

ஆல்பர்ட் ஹால் விஷயம் வேறு. 1871இல் திறந்தது. விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு அவர் நினைவாகக் கட்டியது. எதிரே பூங்காவில் தங்க முலாம் பூசிய அவர் சிலை ஹாலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. கட்டப் பணம் போதாமல் இருக்கைகளை 999 ஆண்டுக் குத்தகைக்கு விற்றார்கள். இன்றைக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் அப்படித் தனியார் சொத்தாகவே இருக்கின்றன. தாத்தா வாங்கிய நாற்காலியில் பேரன் உட்கார்ந்து ராக் இசை கேட்கலாம், அல்லது நல்ல விலைக்கு விற்கலாம்.

இன்னொரு பிரச்சினையும் அந்த ஹாலுக்குப் பிறவியிலேயே இருந்தது: எதிரொலி. அந்தக் குவிமாடத்துக்குப் போன ஓசை சாவகாசமாகத் திரும்பி வரும். இங்கே எதைப் பாடினாலும் இரண்டு தடவை கேட்கலாம் என்று கேலி செய்வார்களாம். 1969இல்தான் கூரையிலிருந்து காளான் வடிவத்தில் பெரிய கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்டு அதை அடக்கினார்கள். அண்ணாந்து பார்த்தால் நீல வெளிச்சத்தில் அவை மிதப்பது தெரியும். டிலன் 1966 மே 26, 27 தேதிகளில் இங்கே மின்சார கிடாரோடு வந்தபோது அந்தக் காளான்கள் இல்லை. அந்த இரைச்சல் எப்படி உருண்டிருக்கும் என்று ஊகிக்கத்தான் முடியும்.

1966 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு வரை தனியாக நின்று மரக் கிடாரும் மௌத் ஆர்கனுமாகப் பாடிய பையன், போராட்டப் பாட்டுகளின் நாயகன், திடீரென ஒரு ராக் குழுவோடு வந்து காது கிழிய வாசித்தான். கச்சேரியின் முதல் பாதி தனியாக, மறுபாதி குழுவோடு. மறுபாதியில் ஊருக்கு ஊர் கூச்சல், கைத்தட்டிக் கலைப்பது, வெளிநடப்பு. மே 17 அன்று ஒருவர் கூட்டத்திலிருந்து “யூதாஸ்!” என்று கத்தினார். காட்டிக்கொடுத்தவன் என்று பொருள். அந்தக் கச்சேரியின் கள்ளப்பதிவு ‘ராயல் ஆல்பர்ட் ஹால்’ என்ற பெயரில் உலகம் முழுக்கச் சுற்றியது. உண்மையில் அது நடந்தது மான்செஸ்டரின் ஃப்ரீ ட்ரேட் ஹாலில். 1998இல் நிறுவனமே அதிகாரபூர்வமாக வெளியிட்டபோதும் அந்தத் தப்பான பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த மான்செஸ்டர் அரங்கம் இப்போது ஹோட்டல்.

2024 கச்சேரிக்கு வருவோம். அந்த ஆண்டு ஐரோப்பியச் சுற்று முழுவதிலும் கைபேசிக்குத் தடை. வாசலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்கிறார்கள். டிக்கெட் இருப்பது கைபேசியில். ஸ்கேன் ஆனதும் அதே கைபேசியை ஒரு சாம்பல் நிறப் பையில் போட்டுப் பூட்டி நம் கையிலேயே தருகிறார்கள். வெளியே போகும்போது காந்தத்தில் தட்டினால் திறக்கும். உள்ளே பார்த்தது வேடிக்கையான காட்சி. ஐயாயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எவர் முகத்திலும் நீல வெளிச்சம் இல்லை. கை என்ன செய்வதென்று தெரியாமல் பையைத் தடவிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் ஒருவரோடொருவர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்து இருக்கை ஷெஃபீல்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். டிலனைப் பலமுறை பார்த்தவர். “சில நாள் அருமையாக இருக்கும், சில நாள் எழுந்து போகலாமா என்று இருக்கும். எது என்று முன்கூட்டித் தெரியாது, அதற்காகத்தான் வருகிறேன்” என்றார். நேரம் என்ன என்று கேட்டேன். அவரிடமும் கடிகாரம் இல்லை.

அறிவிப்பு எதுவும் இல்லை. விளக்கு இறங்கியது, நிழல்களாக ஐந்து பேர் வந்தார்கள், ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’ தொடங்கிவிட்டது. என் கேசட் அட்டையில் இருந்த அதே பாட்டு. அது அதுதான் என்று தெரியவே பாதிப் பாட்டு ஆனது. மெட்டு வேறு, நடை வேறு, சொற்களை எதிர்பாராத இடத்தில் வெட்டிப் போடுகிறார். டிலன் பேபி கிராண்ட் பியானோவுக்குப் பின்னால் இருந்தார். சில நேரம் உட்கார்ந்து, சில நேரம் எழுந்து, பியானோவின் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி. மேடை வெளிச்சம் வேண்டுமென்றே மங்கல். முகத்தைவிடத் தலைமுடிதான் அதிகம் தெரிந்தது.

பியானோ வாசிப்பை நேர்த்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு சின்னத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் தட்டுவார். அது சுருதியோடு ஒட்டினாலும் சரி, உரசினாலும் சரி. குழுவினர் கண்ணை எடுக்காமல் அவரையே பார்க்கிறார்கள். பேஸ் வாசிக்கும் டோனி கார்னியர் 1989இலிருந்து கூட இருப்பவர்; அவருக்கே இவர் அடுத்து எங்கே திரும்புவார் என்று நிச்சயமில்லை போலும். ட்ரம்ஸில் ஜிம் கெல்ட்னர், வயது 82. 1971இல் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடத்திய கச்சேரியில் டிலன் பாடினார். அன்றைக்கு ட்ரம்ஸ் வாசித்தவர்களில் இந்த கெல்ட்னரும் ஒருவர். அவர் குச்சியை உயர்த்தி நான் பார்க்கவே இல்லை. தோலைத் தொடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக, ஆனால் மொத்தக் குழுவும் அதன்மேல்தான் நடந்தது.

பதினேழு பாட்டு. அதில் ஒன்பது 2020இல் வந்த ‘ரஃப் அண்ட் ரவுடி வேய்ஸ்’ தொகுப்பிலிருந்து. ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ இல்லை. ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ இல்லை. ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ இல்லை. பேச்சு ஏறக்குறைய இல்லை. முன்வரிசையில் ஒரு தம்பதி பாதியில் எழுந்து போனார்கள். கணவர் முகத்தில் ஏமாற்றத்தைவிடக் கோபம். கொடுத்த காசுக்கு ஒரு தெரிந்த பாட்டாவது பாடக்கூடாதா என்பது அவர் நியாயம். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் நாமே செம்மங்குடி சீனிவாச ஐயரை எண்பது வயதுக்கு மேல் எப்படிக் கேட்டோம்? குரல் எங்கே போயிற்று என்று யார் கேட்டார்கள்? தொண்டை அடைத்தால் அடைக்கட்டும், அந்தப் பிடி எங்கே விழுகிறது என்றுதான் சபை காத்திருந்தது. அதே கீர்த்தனையைப் போன வருடம் போலவே பாடினால்தான் குறை சொல்வோம். அந்தக் காதைச் சினிமாப் பாட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அங்கே இசைத்தட்டில் இருந்தது அச்சுப் பிசகாமல் மேடையில் வர வேண்டும். டிலனை ராக் பாடகர் என்று எண்ணிக்கொண்டு போனால் இரண்டாவது காதோடு உட்கார்ந்து அவதிப்படுவோம். முதல் காதை எடுத்துக்கொண்டால் அந்த இரவு பிடிபடும். எனக்கு மூன்றாவது பாட்டில் பிடிபட்டது. ‘ஐ கன்டெய்ன் மல்டிடியூட்ஸ்’: ஒரு சொல்லை நீட்டி நிறுத்திவிட்டு அடுத்த நான்கு சொற்களை அவசரமாக உதிர்த்து, தாளத்தோடு சரியாக வந்து சேர்ந்தார். ஷெஃபீல்டு ஆசிரியர் முழங்காலில் ஒரு தட்டு தட்டினார். மியூசிக் அகாடமியில் அதற்கு ‘பலே’ விழுந்திருக்கும்.

எல்லாம் தேறியது என்று சொல்ல மாட்டேன். ‘டு பி அலோன் வித் யூ’ சும்மா போனது. ‘க்ராஸிங் த ரூபிகான்’ இழுவை. ஆனால் ‘டெஸலேஷன் ரோ’ வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1966இல் இதே ஹாலில், இந்தக் காளான்களுக்கு முன்பு, தனியாக நின்று அவர் பாடிய பாட்டு. அன்று நிதானமாக, கனவில் நடப்பது போலப் பாடியதைப் பதிவில் கேட்டிருக்கிறேன். 2024இல் அது குதிரை ஓட்டமாக ஓடியது. அதற்குப் பிறகு ‘இட்ஸ் ஆல் ஓவர் நவ், பேபி ப்ளூ’. அதையும் 1965, 1966 இரண்டு ஆண்டும் இதே இடத்தில் பாடியிருக்கிறார். 25 வயதில் ஒரு பெண்ணைப் பார்த்து, எல்லாம் முடிந்தது, கிளம்பு என்று சொல்கிற திமிர் அதில் இருந்தது. 83 வயதில் அதே சொற்களை யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியவில்லை. கிட்டத்தட்டப் பேச்சாகவே சொன்னார், பியானோவில் இரண்டு விரல். சபையில் இருமல்கூட இல்லை. கைபேசிப் பையின் பயன் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

இடையில் வந்த ‘கீ வெஸ்ட்’ நீண்ட பாட்டு. ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவைப் பற்றியது. கிழவன் ஒருவன் பழைய வானொலி கேட்டுக்கொண்டு கரையொதுங்கியிருக்கிறான். இந்தப் பாட்டை வேறு யார் பாடினாலும் எடுபடாது. இந்தக் குரலுக்கென்றே செய்த பாட்டு அது. அறுபதாண்டுப் புகழை மட்டும் நம்பாமல், எண்பதை நெருங்கும்போது எழுதியதை நம்பி ஒருவர் ஒரு கச்சேரியையே நடத்துகிறார் என்றால் அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த மாதம் திரைக்கு வரவிருந்த ‘எ கம்ப்ளீட் அன்னோன்’ படத்தில் திமோத்தே ஷாலமே இருபது வயது டிலனாகப் பழைய பாட்டுகளையெல்லாம் பாடத் தயாராக இருந்தார். அந்த வேலையை நிஜ டிலன் நடிகரிடம் விட்டுவிட்டார்.

கடைசியாக 1981இன் ‘எவ்ரி க்ரெய்ன் ஆஃப் ஸாண்ட்’. பிரார்த்தனை மாதிரியான பாட்டு. பாடி முடித்துவிட்டு மௌத் ஆர்கனை எடுத்தார். அதுவரை பாதிப் பேருக்கு அவர் யாரோ ஒரு முதியவராகத்தான் இருந்திருப்பார். அந்த முதல் ஊதலில் ஹால் முழுக்க ஒரு சத்தம் எழுந்தது, அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஊதி முடித்து, பியானோவுக்கு வெளியே வந்து நின்றார். குனிந்து கும்பிடு போடவில்லை, கையசைக்கவில்லை. சபையை ஒரு பார்வை. போய்விட்டார். மறுபடி வந்து இன்னொரு பாட்டுப் பாடுகிற வழக்கமெல்லாம் கிடையாது; விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

அந்தச் சுற்று அந்த வாரத்தோடு முடிந்தது, இனி வரமாட்டார் என்று லண்டனில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் 2025 மார்ச்சில் அமெரிக்காவின் டல்சா நகரில் மறுபடி மேடையேறிவிட்டார். 1988 ஜூனில் தொடங்கிய ஓட்டம் இது. பெருந்தொற்றுக் காலம் தவிர பெரிதாக நின்றதில்லை. எனவே உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கலாம். அவர் எந்த ஊருக்கு வருகிறார் என்று பார்த்து, தாமதிக்காமல் டிக்கெட் எடுங்கள். ‘ரஃப் அண்ட் ரவுடி வேய்ஸ்’ தொகுப்பை நன்றாகக் கேட்டுப் பழகிவிட்டுப் போங்கள். ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ கேட்டே ஆக வேண்டுமென்றால் வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.